கோடு அசையவில்லை

காலை பதினொன்று நாற்பத்திரண்டுக்கு ஓட்டுநர் நாட்ராயனின் கோடு திரையில் ஏற ஆரம்பித்தது. நிலோபர் அப்போதுதான் டீயைக் கையில் எடுத்திருந்தாள். குடிக்காமலே கீழே வைத்துவிட்டுத் திரைக்கு அருகில் நாற்காலியை இழுத்துக்கொண்டாள்.

மலைப்பாதைகளில் பேருந்து ஓட்டும் அந்த நிறுவனத்தின் கண்காணிப்பு அறை கோயம்புத்தூரில் இருந்தது. நிலோபர் அங்கே வந்து நாலு வருடம். அதற்கு முன்னால் நர்ஸாக இருந்தவள். மலையேறும் ஓட்டுநர் ஒவ்வொருவரின் மேல் கையிலும் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வில்லை ஒட்டியிருக்கும். முடியைவிட மெல்லிய ஊசிகள் அதிலிருந்து தோலுக்குள் இறங்கி, நிமிடத்துக்கு ஒருமுறை ரத்தத்தைச் சோதிக்கும். ரத்தம் உறைந்து கட்டியாவதற்கு எவ்வளவு தயாராக இருக்கிறது என்பதை ஒரே எண்ணாக்கி அனுப்பும். முப்பதுக்குக் கீழே பச்சை. அறுபதைத் தாண்டினால் மணி. செய்தவர்கள் அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று வைத்திருந்தார்கள். ஓட்டுநர்கள் 'பொட்டு' என்றார்கள்.

வளைவில் ஓட்டுநருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பேருந்து பள்ளத்தில் விழுந்த பிறகு வந்த ஏற்பாடு அது. யாரும் குறை சொல்லிவிட முடியாது. ஆனால் பொட்டுக்கு ஒற்றைத் தலைவலியையும் பக்கவாதத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. தலைவலிக்காரர்களின் வண்டிகள் நடுமலையில் நின்றன. உரிமங்கள் முடங்கின. நாட்ராயன் அப்படி இரண்டு முறை நிறுத்தப்பட்டு, எட்டு மாதம் டிப்போவில் பஸ் கழுவிக்கொண்டிருந்தவர்.

விசாரணைக் குழுவின் முன்னால் அவரையும் சேர்த்து முன்னூற்றுப் பன்னிரண்டு தலைவலிக்காரர்களுக்காகப் பேசியவள் நிலோபர்தான்.

“எனக்கே பதினாறு வயசிலிருந்து இந்தத் தலைவலி இருக்கு சார். அது வரும்போது ரத்தத்துல தட்டணுக்கள் ஒண்ணோடொண்ணு ஒட்ட ஆரம்பிக்கும். மூளையில அடைப்பு வர்றப்பவும் அதேதான் நடக்கும். பொட்டு ரத்தத்தைத்தான் பாக்குது, ஆளைப் பாக்கல. ஆள்கிட்டப் பேசிப் பாக்க எங்களுக்கு ஏழு நிமிஷம் குடுங்க.”

குழுவில் இருந்த டாக்டர் கேட்டார். “கண்ணில் மின்னல் தெரிந்து தலைவலி வருகிறவர்களுக்குப் பக்கவாத ஆபத்தும் கொஞ்சம் கூடுதல்தானே அம்மா? அப்படியானால் கருவி பயப்படுவது நியாயம்தானே?”

“கூடுதல்தான் சார். ஆனா அந்தக் கொஞ்சத்துக்காக முன்னூறு பேரை வீட்டுக்கு அனுப்ப முடியாது.”

அப்படி வந்தது ஏழு நிமிட விதி. மணி அடித்த பிறகு ஏழு நிமிடம் வரை முடிவு கண்காணிப்பாளர் கையில். அதற்குள் அவர் எதுவும் சொல்லாவிட்டால் வண்டி தானாக நின்றுவிடும். தொழிற்சங்கமும் தன் பங்குக்கு ஒன்றை வாங்கியது. நாங்கள் மாடுகள் இல்லை, பொட்டு எங்கே இருக்கிறது என்பதை அது சொல்லக் கூடாது, ரத்தத்தை மட்டும் சொன்னால் போதும் என்றார்கள். நிறுவனம் ஒப்புக்கொண்டது. பேருந்து எங்கே போகிறது என்பது பேருந்திலிருந்தே தெரியும் அல்லவா.

பதினொன்று நாற்பத்தாறு. அறுபத்தேழு. மணி அடித்தது.

நிலோபருக்கு அந்த ஏற்றம் பிடிக்கவில்லை. தலைவலி அரை மணி நேரம் எடுத்துக்கொண்டு சரிவாக ஏறும். இது சுவர் போல நின்றது. பேருந்து ஆழியாறு தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே நாற்பத்தொரு பயணிகள். ஓட்டுநர் இருக்கைக்கு மேலே இருக்கும் ஒலிபெருக்கியைத் திறந்தாள்.

“நாட்ராயண்ணா, நிலோபர் பேசறேன்.”

“சொல்லுங்க மேடம்.” குரல் தெளிவாக இருந்தது.

“தலை எப்படி இருக்கு?”

“நல்லாத்தானுங்க இருக்கு.”

“கண்ணு? மின்னல் மாதிரி எதுவும் தெரியுதா? இல்ல ஒரு பக்கம் திடீர்னு இருட்டா இருக்கா?”

“ரெண்டும் இல்லீங்க மேடம். ரோடு பளிச்சுனு தெரியுது. ஏனுங்க, மணி அடிச்சிருச்சுங்களா?”

பின்னால் வந்து நின்றார் தேவசகாயம். அறையின் மேலாளர். ஓட்டுநர்களோடு பேரம் பேசிப் பேசியே தலை நரைத்தவர். “எழுபத்தி நாலு,” என்றார் தணிந்த குரலில். “நிறுத்திரும்மா.”

“வளைவுல நிக்கும் சார். பின்னாடி லாரி வருது.”

“மூணு நிமிஷம்தான் இருக்கு.”

அவள் ஒலிபெருக்கியை நெருங்கினாள். “அண்ணா, வால்பாறையிலிருந்து கீழ வரைக்கும் ஸ்டாப் பேரு சொல்லுங்க. தலைகீழா.”

“வால்பாறை, ரொட்டிக்கடை, வாட்டர்பால்ஸ், கவர்க்கல், அட்டகட்டி, ஆழியாறு.” ஒரு சொல்கூடக் குழறவில்லை. “மேடம், எனக்கு ஒண்ணுமில்லீங்க. எழுதிப் போட்டுறாதீங்க. மறுபடி பஸ் கழுவ என்னால ஆகாது.”

“எழுதல. அட்டகட்டியில அகலமான இடம் வருதில்ல, அங்க ஓரங்கட்டுங்க. நீங்களா நிறுத்தினா உங்க உரிமத்துல பதிவாகாது.”

பேருந்தைக் காட்டும் புள்ளி ஊர்ந்து ஊர்ந்து அட்டகட்டியில் நின்றபோது மணி பதினொன்று ஐம்பத்திரண்டு. தேவசகாயம் பெருமூச்சு விட்டார். நிலோபரால் முடியவில்லை. எண் எண்பத்தொன்று.

நடத்துநர் ஜெயசீலனை அழைத்து, நாட்ராயனின் முகத்தைப் பார்க்கச் சொன்னாள். சிரிக்கச் சொல்லுங்கள், இரண்டு பக்கமும் ஒன்றுபோல் ஏறுகிறதா? ஏறுகிறது மேடம். கண்ணை மூடி இரண்டு கையையும் நீட்டச் சொல்லுங்கள், ஏதாவது ஒன்று தாழ்கிறதா? இல்லை மேடம், சாமி கும்பிடுகிற மாதிரி நேராக நிற்கிறது. பின்னால் பயணிகள் என்ன ஏது என்று கேட்பது காதில் விழுந்தது. யாரோ சிரித்தார்கள்.

எண்பத்தெட்டு.

“கருவிக் கோளாறு,” என்றார் தேவசகாயம். “ஆளு கல்லு மாதிரி இருக்கான்.”

கோளாறான பொட்டுகளை நிலோபர் நிறையப் பார்த்திருக்கிறாள். அவை தாறுமாறாகக் குதிக்கும், அல்லது செத்துக் கிடக்கும். இப்படி ஒழுங்காக, மூச்சு வாங்காமல் ஏறாது. பொட்டை விரலால் அழுத்தினால் ஊசிகள் நகர்ந்து கோடு ஒரு துள்ளு துள்ளும். ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க நர்ஸ்கள் செய்வது அது.

“அண்ணா, பொட்டை ஒரு தடவை நல்லா அழுத்துங்க.”

“அழுத்திட்டனுங்க.”

கோடு அசையவில்லை.

“இன்னொரு தடவை.”

“அழுத்தறேனுங்க மேடம்.”

அசையவில்லை. அப்போதுதான் அவளுக்கு இன்னொன்று உறைத்தது. அட்டகட்டிக்கு மேலே சிக்னல் கிடைக்காமல் எல்லா ஓட்டுநர்களின் கோடும் இரண்டு மூன்று நிமிடம் அறுந்து அறுந்து சேரும். திரும்ப வண்டி ஏறியதிலிருந்து எட்டு மாதமாக நாட்ராயனின் கோடு ஒருநாள்கூட அறுந்ததில்லை. நல்ல பொட்டு ஒன்று வாய்த்திருக்கிறது என்று நினைத்திருந்தாள்.

“பொட்டு எங்கண்ணா இருக்கு?”

நாட்ராயன் இன்ஜினை அணைப்பது கேட்டது.

“மேடம்,” என்றார் கடைசியில். “இது பதிவாகுதுங்களா?”

“ஆகுது. அதைப் பத்தி அப்புறம் பேசலாம். நான் சொல்றதைக் கேளுங்க. அந்தப் பொட்டு யார் கையில இருக்கோ, அவங்க மூளைக்குப் போற ரத்தத்துல இப்ப கட்டி விழுந்துட்டிருக்கு. இது தலைவலி இல்ல. ஒவ்வொரு நிமிஷமும்—”

“வளர்மதி.” குரல் உடைந்துவிட்டது. “என் வீட்டுக்காரிங்க. கோட்டூர்ல வீட்டுல தனியா இருக்கா. காலையில தலை வலிக்குதுன்னா. மாத்திரை போட்டுக்கன்னுட்டு வந்துட்டேன். ஐயோ மேடம்.”

நிலோபர் ஒரு கையால் ஆம்புலன்ஸை அழைத்துக்கொண்டே மறு கையால் எழுதினாள். தெரு, வீட்டு அடையாளம், எதிர்வீட்டுத் தையல்காரி பிலோமினாவின் எண். வளர்மதியின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. பிலோமினா எடுத்தாள். முதலில் எதுவும் புரியவில்லை. பிறகு கத்தரிக்கோல் விழும் சத்தம், ஓடும் செருப்புச் சத்தம், கதவைத் தட்டும் சத்தம், பின்பக்கம் சுற்றிப் போகும் மூச்சிரைப்பு.

“துவைக்கிற கல்லுல சாஞ்சு உக்காந்திருக்குதுங்க. வாய் ஒரு பக்கமா இழுத்திருக்கு. என்னப் பாக்குது, பேச்சு வரல. தண்ணி குடுக்கட்டுங்களா?”

“வேண்டாங்க, வாயில எதுவும் ஊத்தாதீங்க. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. வண்டி வந்துட்டிருக்கு.”

மலைமேல் நாட்ராயன் இறங்கிவிட்டதாக ஜெயசீலன் சொன்னார். கீழே போகும் காரை மறித்து ஏறிக்கொண்டாராம். நாற்பத்தொரு பேரும் மாற்று ஓட்டுநருக்காக அட்டகட்டியில் காத்திருந்தார்கள்.

ஒன்று பத்துக்குக் கோயம்புத்தூர் மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. டாக்டர் சம்யுக்தா. அவசரமாகப் பேசினார்.

“மூளையில் அடைப்பு என்பது ஸ்கேனில் உறுதியாகிவிட்டது. கட்டியைக் கரைக்கும் மருந்து என்னிடம் இருக்கிறது. ஆரம்பித்து நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தால் பிழைக்க வைக்கும். அதற்குப் பிறகு கொடுத்தால் மூளைக்குள் ரத்தம் கசிந்து ஆளைக் கொல்லவும் கூடும். இந்த அம்மாவைக் காலை எட்டு மணிக்குப் பிறகு நல்ல நிலையில் பார்த்தவர் யாருமில்லை. எட்டிலிருந்து கணக்குப் போட்டால் எனக்கு நேரம் முடிந்துவிட்டது. கணவர் போனில் பேசினார், உங்களைக் கேட்கச் சொல்கிறார்.”

“பதினொன்னு நாப்பத்திரெண்டு டாக்டர். அதுவரைக்கும் அவங்க கோடு பச்சையிலதான் இருந்தது. நிமிஷத்துக்கு நிமிஷம் என்கிட்ட இருக்கு.”

“அப்படியானால் கொடுக்கலாம். ஆனால் வாய் வார்த்தை போதாது. பெயரோடு, கோட்டோடு, எழுத்தில் அனுப்புங்கள். உடனே.”

நிலோபர் திரும்பியபோது தேவசகாயம் தன் திரையில் அறிக்கையைத் தட்டச்சு செய்து முடித்திருந்தார். கருவிக் கோளாறு என்று இருந்தது.

“அனுப்பாதம்மா,” என்றார். கோபமில்லை; கெஞ்சல். “பொட்டு பொண்டாட்டி கையில இருந்துச்சுன்னு எழுத்துல போனா, நாளைக்கே ஏழு நிமிஷ விதி போச்சு. தலைவலிக்காரன் அத்தனை பேரும் ஏமாத்துறான்னு சொல்லிருவாங்க. முன்னூத்திப் பன்னண்டு பேரு. நீதானம்மா அவங்களுக்காக நின்ன? அந்த டாக்டரம்மாவுக்கு போன்ல சொல்லிட்டல்ல, அவங்க பாத்துக்குவாங்க.”

“எழுத்துல இல்லாம குடுக்க மாட்டாங்க சார்.”

“உன்னையும் சேத்து விசாரிப்பாங்க. எட்டு மாசமா பொம்பளை ரத்தத்தைப் பாத்துட்டு ஆம்பளை ரத்தம்னு எழுதியிருக்க.”

அது உண்மை. அந்த முன்னூற்றுப் பன்னிரண்டு பேரில் பாதிப் பேரின் முகம் நிலோபருக்குத் தெரியும். ஆனால் இப்போது நேரம் போய்க்கொண்டிருப்பது ஒருத்திக்குத்தான். கோப்பைத் திறந்தாள். பெயர் என்ற இடத்தில் இருந்ததை அழித்து, 'வளர்மதி, கணவர் பெயர் நாட்ராயன்' என்று அடித்தாள். அனுப்பினாள். தேவசகாயம் தடுக்கவில்லை. ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

ஒன்று இருபத்தொன்றுக்கு மருந்து ஏறியது.

மூன்றாம் நாள் நிலோபர் மருத்துவமனைக்குப் போனாள். வளர்மதி பிழைத்துவிட்டாள். வலது கை இன்னும் எழவில்லை. பேச்சு ஒவ்வொரு சொல்லாக, நடுவில் தேடித் தேடி வந்தது. வராந்தா பெஞ்சில் நாட்ராயன் உட்கார்ந்திருந்தார். ஷேவ் செய்யாத முகம். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

“பத்து நாளைக்கு ஒருக்கா புதுப் பொட்டு மாட்டுவாங்க. வீட்டுக்குப் போனதும் தேங்காயெண்ணெய் வச்சு எடுத்து அவ கையில ஒட்டிருவேனுங்க,” என்றார் கேட்காமலே. “எனக்கு மின்னல் வந்தா வண்டிய ஓரங்கட்டிருவேன். டயர் பாக்கறேன்னு இறங்கிக் கீழ உக்காந்துக்குவேன். ஒரு நாளும் கண்ணு தெரியாம ஓட்டுனதில்லீங்க.”

நிலோபர் அவரை உட்காரச் சொல்லி, தானும் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“அவ திடமான ஆளுங்க மேடம். தலைவலி, காய்ச்சல்னு படுத்து நான் பாத்ததே இல்ல. அன்னிக்குத்தான் மொதத் தடவையா வாயைத் தொறந்து சொன்னா. அவளுக்கு ஒண்ணும் வராதுங்கற தெகிரியத்துலதான் அவ கையில ஒட்டுனேன்.”

அவள் கையோடு கொண்டுவந்திருந்த தாளைப் பிரித்து பெஞ்சில் வைத்தாள். எட்டு மாதக் கோடு. சரிவாக ஏறி, மேட்டில் நின்று, மெல்ல இறங்கும் குன்றுகள். மாதத்துக்கு மூன்று, சில மாதம் நான்கு. எல்லாம் மாதாமாதம் அதே சில நாட்களில், மாதவிலக்கை ஒட்டி வருவது போல.

“இருபத்தி ஆறு தடவை வந்திருக்கு அண்ணா. எல்லாம் உங்க தலைவலின்னு நினைச்சு நான்தான் குறிச்சு வச்சேன். நீங்க வேலைக்கு வந்துட்டீங்களேன்னு விட்டுட்டேன்.”

நாட்ராயன் தாளின் மீது விரல் வைத்து நகர்த்திக்கொண்டே போனார். ஒரு குன்றில் விரல் நின்றது. தேதியை உதட்டுக்குள் படித்தார்.

“இது தீபாவளிக்கு மொத நாளுங்க,” என்றார். “அன்னிக்கு அடுப்புக்கு முன்னாடி உக்காந்து முறுக்கு சுட்டுட்டிருந்தா. நான் உப்புக் கம்மின்னு சொன்னேன்.”



டாக்டர் சம்யுக்தா வந்து மற்றதைச் சொன்னார். அதிக ரத்தப்போக்குக்காக வளர்மதி மூன்று மாதமாக ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டு வந்திருக்கிறாள். யாருக்கோ எழுதிக் கொடுத்த பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்கியது. அட்டையின் பின்னால் ஈ, டி, எச் என்று ஆரம்பிக்கும் நீளமான மருந்துப் பெயர் இருந்தது.

“தனக்கும் மின்னல் தெரியும் என்று இன்றைக்குத்தான் சொன்னார். கண்ணில் மின்னலோடு வரும் தலைவலி இருப்பவர்கள் அதைத் தொடவே கூடாது. அந்த மாத்திரை ரத்தத்தை உறைவுப் பக்கம் தள்ளும். ஏற்கனவே அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிற ரத்தம் வேறு. உங்கள் கோட்டில் பாருங்கள், கடைசி மூன்று மாதம் தலைவலி இல்லாத நாட்களிலும் தரைமட்டமே ஏறியிருக்கிறது. அவர் கையில் பொட்டு இருந்ததால்தான் நேரம் தெரிந்தது. எந்தக் கம்பெனியும் அவருக்கு ஒட்டியிருக்காது. அவர் எதையும் ஓட்டவில்லையே.”

தேவசகாயம் சொன்னது அப்படியே நடந்தது. நாட்ராயனின் வேலையும் உரிமமும் போயின. திங்கட்கிழமை ஏழு நிமிட விதி நிறுத்திவைக்கப்பட்டது. தலைவலிக்காரர்கள் எல்லோரும் மலையிலிருந்து இறக்கப்பட்டார்கள். நிலோபரின் மீது விசாரணை. டிப்போ வாசலில் ஒரு ஓட்டுநர் அவள் காலடியில் காறித் துப்பிவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பொட்டுகள் எல்லாம் ஒப்படைக்கப்பட வேண்டும், கோப்புகள் மூடி முத்திரையிடப்படும் என்று உத்தரவு வந்தது.

புதன்கிழமை காலை நிலோபர் மீதி முன்னூற்றுப் பதினொரு கோடுகளையும் திறந்தாள். மலைமேல் அறுந்து சேராத கோடுகளைத் தனியாக எடுத்தாள். ஐம்பத்து மூன்று. அவற்றில் மாதாமாதம் குன்றுகள் எழும் கோடுகளைப் பிரித்தாள். பத்தொன்பது. அதில் ஆறு கோடுகளில், சில மாதங்களாகத் தரைமட்டமே மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.

ஆறு பெண்கள். பெயர் தெரியாது, ஊர் தெரியாது. யாரோ ஒருவரின் மனைவி, அக்கா, அம்மா. அவர்கள் ரத்தம் இத்தனை நாள் அவள் முன்னால் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

தேவசகாயம் பார்த்துக்கொண்டே இருந்தார். “என்னம்மா பண்ணப் போற? இதையும் அனுப்பப் போறியா?”

“இல்ல சார். இது ஆபீஸுக்குப் போகாது.”

அவர் பதிவாகாத பழைய லேண்ட்லைன் போனை எடுத்து வந்து அவள் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

முதல் எண் குப்புராஜ், நாற்பத்தொரு வயது, கொல்லிமலை வண்டி.

“நான் பேர் கேக்கல அண்ணா. யார் கையில இருக்குன்னும் கேக்கல. எங்கயும் எழுத மாட்டேன். அவங்க ஏதாவது ஹார்மோன் மாத்திரை சாப்பிடறாங்களான்னு மட்டும்—”

“என் பொட்டு என் கையிலதான் இருக்கு,” என்றார் குப்புராஜ். “நீங்க கெடுத்தது போதாதா?” வைத்துவிட்டார்.

இரண்டாவது ஆள் எடுக்கவே இல்லை. மூன்றாமவர் முழுதும் கேட்டுக்கொண்டார், பிறகு வைத்துவிட்டார். நான்காமவர் வக்கீலிடம் பேசச் சொன்னார். ஐந்தும் ஆறும் மணி அடித்து ஓய்ந்தன. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். மதியம் வரை அதேதான். சொன்னதையே சொல்லிச் சொல்லி நாக்கு வறண்டது.

இரண்டரை மணிக்கு லேண்ட்லைன் தானாக அடித்தது. பெண் குரல். பின்னால் மிக்ஸி ஓடி நின்றது.

“காலையில எங்க வீட்டுக்காரர்கிட்டப் பேசுனது நீங்கதானுங்களா? அவர் போனை வச்சுட்டாரு. நான் பக்கத்துலதான் நின்னேன். இப்ப அவர் போனை விட்டுட்டு வெளிய போயிருக்காரு, நம்பரைப் பாத்துப் பண்றேன்.” தயங்கினாள். “மாத்திரைன்னு ஏதோ சொன்னது காதுல விழுந்துச்சு.”

“ஆமாங்க. சாப்பிடறீங்களா?”

“அஞ்சு மாசமா.”

“உங்களுக்குத் தலைவலி வர்றதுக்கு முன்னாடி கண்ணுல பளபளன்னு எதுவும் தெரியுமா?”

அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். “அதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லீங்களே.”

“மாத்திரை அட்டை கையில இருக்கா? இன்னிலிருந்து அதை நிறுத்திட்டு நாளைக்கே டாக்டரைப் பாக்கணும். அவங்ககிட்டக் காட்ட நானே எழுதித் தர்றேன். அட்டையைத் திருப்புங்க, பின்னாடி பேரு போட்டிருக்கும்.”

“எனக்கு இங்கிலீஷு படிக்க வராதுங்க. எழுத்துக் கூட்டித்தான் சொல்லுவேன்.”

“பரவால்லங்க. ஒவ்வொரு எழுத்தா சொல்லுங்க. அவசரமில்ல.”

நிலோபர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டாள். அட்டை கசங்கும் சத்தம் கேட்டது. அந்தப் பெண் வெளிச்சத்துக்கு நகர்ந்திருக்க வேண்டும்.

“ஈ,” என்றாள். “டி. அப்புறம்... எச்.”